இஸ்பெல்லின் களைப்பைச் சுமந்தவர்கள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளில் ஒன்றான வெஸ்ட்ரேயில், மார்ச் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, இஸ்பெல் ட்ரீவரின் களைப்பு அவளைவிட்டு இறங்கி, நாத்தனார் தோராவின்மேல் ஏறிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போனது. மதியம் ஒரு மணிவரை திரும்பவில்லை. அன்று வடமேற்குக் காற்று, கப்பல் சரியான நேரத்துக்கு வந்தது.

இஸ்பெல்லுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. முப்பத்தொன்றில் இடதுகால் மரத்துப்போனபோது டாக்டர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார், நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிற நோய். ஆர்க்னி தீவுகளில் அந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, சித்தியோ மச்சானோ யாராவது ஒருவருக்கு இருக்கும். நாற்பத்துநான்கில் இரண்டு கைத்தடி, ஐம்பதில் சக்கர நாற்காலி, அதற்குப் பிறகு நோய் இடைவெளியே விடாமல் முற்றிக்கொண்டே போனது. கால் போனதை ஊர் கண்ணால் பார்த்தது, புரிந்துகொண்டது. களைப்பைத்தான் அவளால் யாருக்கும் காட்ட முடியவில்லை. பல் தேய்த்தால் காலைப்பொழுது தீர்ந்துவிடும், குளித்தால் அந்த நாளே தீர்ந்துவிடும். அறை கொஞ்சம் சூடேறினாலும் பேச்சு குழறும் என்று அவள் கணவன் மேன்ஸி ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்துவைத்து, கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். களைத்த பிறகு ஓய்வெடுக்காதே, களைப்பதற்கு முன்னாலேயே எடு என்று நர்ஸ் கேத்லீன் சொல்லியிருந்தாள். அதன்படி அவள் கண்மூடிக் கிடக்கும்போதெல்லாம் யாராவது வந்து, பார்க்க நல்லாத்தானே இருக்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தோரா மேன்ஸியின் அக்கா. நாற்பது மாடுகளைத் தனியாகக் கட்டி மேய்ப்பவள். அன்று பார்லி ரொட்டி கொண்டுவந்தவள், இஸ்பெல் பேச்சைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தியதைப் பார்த்துப் பொறுமை இழந்தாள். "எல்லாருக்கும்தான்டி களைப்பா இருக்கு. நான் விடிகாலை அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறேன். உன்னோடதக் கொஞ்சம் இங்க கொடு, நான் பாத்துக்கறேன்" என்று கையை நீட்டினாள். "எடுத்துக்க" என்றாள் இஸ்பெல். விரல் பட்டதும் அது போய்விட்டது.

தோரா வாசற்கதவுவரை நடந்தாள். கற்சுவரில் உட்கார்ந்தாள். பிறகு புல்லில் படுத்தாள். மேன்ஸி அவளைத் தள்ளுவண்டியில் வைத்து அவள் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டான். தூக்கம் வரவில்லை, வலியும் இல்லை. மூக்கின்மேல் உட்கார்ந்த ஈயை விரட்டலாமா என்று யோசித்து, யோசித்ததிலேயே சோர்ந்து, ஈயை அங்கேயே இருக்கவிட்டாள். ஒரு மணிக்கு அது அவளைவிட்டு எழுந்து திறந்த கதவு வழியாக இஸ்பெல்லிடம் திரும்பிப் போனது. வழியில் படுத்திருந்த நாய் ஒதுங்கி இடம்விட்டது. மறுநாள் தோரா வந்தபோது மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "அது களைப்பே இல்ல. அதுக்குப் போயிக் களைப்புன்னு பேரு வச்சவன் எவன்?" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மாதத்துக்குள் கடையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது, இஸ்பெல்லின் களைப்பை யார் எப்போது எடுத்துக்கொள்வது என்று, ஆளுக்கு ஒன்றரை மணிநேரம். கப்பல் ஓட்டுகிற நாளில் மாலுமி எடுக்கக் கூடாது. பாதிரியார் ஞாயிறு காலையில் எடுத்துக்கொண்டதால் பிரசங்கம் சுருங்கியது, ஊர் அதற்கு எதிர்ப்புச் சொல்லவில்லை. வாரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், கிடைத்த தெம்பை ஒரேயடியாகச் செலவழிக்காதே என்று இஸ்பெல்லிடம் சொன்னாள் கேத்லீன். களைப்பு மட்டும்தான் போகும். கால் வராது, கை நடுக்கம் நிற்காது. இருந்தாலும் இஸ்பெல் தேவாலயத்துக்கு வருவாள், கண்காட்சியில் உட்காருவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளோ தோரா எடுத்துக்கொண்ட முதல் முறையில் உருளைக்கிழங்கு உரித்தாள்.

"நான் காலையெல்லாம் செத்துக் கிடந்தது நீ கிழங்கு உரிக்கவா?" என்று தோரா சத்தம்போட்டாள்.

"ஆமா. ஏழு வருஷமா உன் தம்பி தோலோட பாதிக் கிழங்கையும் சீவிப் போடறான். பாத்துக்கிட்டே கிடந்தேன், சொல்லத் தெம்பில்ல."

மேன்ஸியிடம் மட்டும் அது போகவில்லை. தினமும் சாயங்காலம் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கடைக்காரனுக்கும் தபால்காரனுக்கும் போனது, கட்டினவனிடம் போகவில்லை. அவன் அதை வெளியே சொல்லவில்லை, ஆனால் வாரக்கணக்கில் யாரிடமும் சிரித்துப் பேசவில்லை. செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, அவளுடையதைக் கடைக்காரன் எடுத்துக்கொண்டு போன பிறகு, மேன்ஸி போர்வை மடிப்பதை இஸ்பெல் பார்த்தாள். நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். தன் களைப்பு ஏன் அவனிடம் இறங்கவில்லை என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. அங்கே இடம் இல்லை.

"உன்னோடத இங்க கொடு" என்றாள்.

"எனக்கு என்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நானும் இருபது வருஷமா எல்லார்கிட்டயும் அதத்தான் சொன்னேன். கையக் கொடு மேன்ஸி."

அவன் கொடுத்தான். அவள் நாற்காலியில் ஓர் அங்குலம் கீழே இறங்கினாள். தன்னுடையதைவிட இது லேசுதான், ஆனால் இடுப்பில் உட்காருகிறது, கூடவே கொஞ்சம் பயமும் இருக்கிறது என்று பிற்பாடு கேத்லீனிடம் சொன்னாள். மேன்ஸி அறை நடுவில் நின்று தோளை அசைத்துப் பார்த்தான். கண் கலங்கியது. "போ, கடல் பக்கம் போய்ட்டு வா. இங்க நின்னு என்னையே பாக்காத" என்று அவள் விரட்டினாள். பாறை முனைவரை போய்விட்டு, பூட்ஸெல்லாம் ஈரமாக, சுருதியே சேராமல் ஒரு பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு திரும்பி வந்து, அதைத் திருப்பிக் கேட்டான். இன்னும் கால்மணி இருக்கிறது, டீ குடித்துவிட்டு வாங்கிக்கொள் என்றாள் அவள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அவள் குரல் மெலிந்தது, கரண்டி பிடிக்கும் கையும் போனது. நோய் எதையும் திருப்பித் தரவில்லை. கடையில் இருந்த தாளில், களைப்பைக் கொடுக்கிறவர் பக்கம், மேன்ஸியின் பெயரும் ஏறியது. வியாழக்கிழமைகளில் அவனுடையதை எடுத்துக்கொள்கிற முறை எப்போதும் இஸ்பெல்லுடையதுதான், அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கோடையில் பறவைகளை எண்ண வந்த வெளியூர்க்காரர், வியாழக்கிழமை காலையில் கடை ஏன் பூட்டியிருக்கிறது என்று தோராவிடம் கேட்டார். கடைக்காரர் இஸ்பெல்லின் களைப்பைச் சுமந்துகொண்டு படுத்திருக்கிறார் என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து ரொட்டியைப் புதன்கிழமையே வாங்கி வைத்துக்கொண்டார்.