காதுக்குத் தெரிந்த கமலவேணி

மலாயாவில் அவசரகாலம் தொடங்கி மூன்றாவது ஆண்டு. டுரியான் துங்கால் சாலையில் ரப்பர் பால் ஏற்றிய லோரியை மறித்துக் காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். லோரி ஓட்டிய மருதமுத்துவின் மேல் ஒரு குண்டும் படவில்லை. வண்டி பள்ளத்தில் கவிழ்ந்ததில் அவர் தலையில்தான் அடிபட்டது. மலாக்கா ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கும் மேல் கிடந்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார்.

தொழிலாளர் லயத்து வாசலில் அவர் மனைவி கமலவேணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"வேணி எங்கம்மா?" என்று அவளிடமே கேட்டார்.

விளையாடுகிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பக்கத்து வீட்டுக் காளிமுத்துவை அவருக்குத் தெரிந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரைத் தெரிந்தது. எந்த நிரையில் எந்த மரம் பட்டுப்போனது என்பதுகூட நினைவிருந்தது. மனைவியைப் பார்த்தால் மட்டும் முகம் இறுகிவிடும்.

"நீ அவ மாதிரியே இருக்க. அதே மூக்கு, நெத்தியில அதே தழும்பு. எல்லாம் சரியா இருக்கு. ஆனா நீ அவ இல்ல," என்றார் ஒருநாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் மேல் இரக்கப்பட்டவர் போலச் சொன்னார். "உன்னை யாரு இங்க அனுப்புனாங்கன்னு தெரியல. அவளை என்ன செஞ்சாங்கன்னாவது சொல்லும்மா."

அந்நியப் பெண்ணோடு ஒரே கூரையின் கீழ் படுப்பது முறையில்லை என்று காளிமுத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் சோறு கொண்டுபோனால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். அவள் பேச வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் கிளீட்டஸிடம் அவள் கேட்டாள். "அவருக்குப் புத்தி கெட்டுப் போச்சா, டிரெசர்?"

"புத்தி நல்லாத்தான் இருக்குக்கா. கணக்கு கேட்டேன், பெயர் கேட்டேன், எல்லாம் சரியா சொல்றாரு. என்ன ஆச்சுன்னு எனக்கும் பிடிபடல. கொஞ்சம் பொறுங்க."

அவள் பொறுத்தாள். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலையில் காரியம் கைமீறிப் போனது.

முள்வேலிக் கதவருகே பால்வெட்டுப் பெண்களைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக மாற்றலாகி வந்த ஒரு போலீஸ் சார்ஜன் அடையாளக் கார்டுகளை வாங்கிப் பார்த்தார். கமலவேணி கார்டை நீட்டியபோது மருதமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"துவான்," என்று சார்ஜனை மரியாதையாக அழைத்தார். "அது என் மனைவியோட கார்டு. போட்டோவுல இருக்கறது அவதான். இந்தப் பொண்ணு வேற யாரோ."

அதையே மலாயிலும் சொன்னார்.

மண்டோர் குறுக்கே புகுந்து, இவர் தலையில் அடிபட்டவர், துவான், இவள்தான் பெண்டாட்டி என்றார். பெண்களும் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். சார்ஜன் கார்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். கட்டிய புருஷனே இல்லை என்று சொல்லும்போது ஊர் சொல்வதை நம்பி எப்படி விடுவது என்று மலாயில் கேட்டார். அடுத்தவர் கார்டோடு நடமாடுவது அந்த நாளில் சின்னக் குற்றமல்ல. கமலவேணியை ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு போனாள்.

வாக்குமூலம் கொடுக்க மருதமுத்துவையும் வரச் சொன்னார்கள். துணைக்குக் கிளீட்டஸ் போனார். காவல் நிலையத்தின் முன்னறையில் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பலகைச் சுவருக்குப் பின்னால் ஓர் அறையில் கமலவேணி இருந்தாள்.

சார்ஜன் கேள்வியைத் தொடங்குவதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது. காவலுக்கு நின்ற தமிழ்க் கான்ஸ்டபிளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, வெளிய அவரு உக்காந்திருக்காரா? இன்னும் பசியாறியிருக்க மாட்டாரு. வெறும் வயித்துல அந்த மாத்திரையைப் போட்டா மயக்கம் வந்துரும். ஒரு ரொட்டியாவது வாங்கிக் குடுக்கச் சொல்லுங்கலா."

மருதமுத்து பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வேணி," என்றார். "டிரெசர், அது வேணிதான். அவளை இங்க பூட்டி வச்சிருக்காங்க. இத்தனை நாளா இங்கயா இருந்தா?"

சார்ஜனே போய்க் கதவைத் திறந்தார். கமலவேணி வாசலில் வந்து நின்றாள். மருதமுத்து அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு ஸ்டூல், ஒரு மண்ணெண்ணெய் டின், கம்பி போட்ட ஜன்னல். வேறு யாரும் இல்லை. ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்.

"எங்க அவ? இப்பதான பேசினா?"

கிளீட்டஸுக்கு அப்போது ஏதோ பொறி தட்டியது. மருதமுத்துவின் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"அண்ணே, எனக்காக ஒரு தடவை கண்ணை மூடுங்க. நான் சொல்றவரைக்கும் தொறக்காதீங்க. அக்கா, நீங்க பேசுங்க."

"நான் இங்கதாங்க இருக்கேன்," என்றாள். "வேற எங்கயும் போகலீங்க."

மூடிய கண்களுக்குள்ளிருந்து நீர் இறங்கியது. காற்றில் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை விடுவித்துக்கொள்ளவில்லை.

பிறகு கண்ணைத் திறந்தார். முகம் மாறியது. மறுபடி மூடினார். திறந்தார். தான் பிடித்திருந்த கை ஒரே கைதான் என்பதை அவர் விரல்கள் சொல்லிக்கொண்டே இருந்தன.

"கண்ணை மூடினா வேணி. தொறந்தா வேற ஆளு," என்றார் மெதுவாக. "ரெண்டுல ஒண்ணு எனக்குப் பொய் சொல்லுது, டிரெசர்."

"கண்ணு சரியாத்தான் பார்க்குது, அண்ணே. ஒருத்தரைப் பார்த்ததும் நம்மாளுன்னு உள்ள ஒண்ணு எழுமே, கண்ணுலேர்ந்து அங்க போற வழி அடைஞ்சிருக்கும்னு நினைக்கறேன். காதுலேர்ந்து போற வழி தொறந்துதான் இருக்கு."

சார்ஜன் கார்டை எடுத்துக் கமலவேணியிடம் கொடுத்தார். தானே ஜீப்பை ஓட்டி அவர்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழையுமுன் அவள் குரல் கொடுப்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவள் மரத்தைப் பற்றி, செர்காமிலிருந்து வரும் மீன்காரன் சொன்ன விலையைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டே இருக்க, சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறப்பார். குரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை முகமும் கொஞ்சம் அவள் முகமாகவே நிற்கும். பேச்சு நின்றால் நழுவிப்போகும். காளிமுத்து வீட்டிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மழைக்காலத்தில் கமலவேணிக்குக் கடும் காய்ச்சல் கண்டது. தொண்டை கட்டிக் குரல் அடியோடு போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அவர் வாசலில் நின்று அவளைப் பார்த்தார். பழைய சந்தேகம் அவர் முகத்தில் ஏறுவதை அவளும் பார்த்தாள். எழுந்து பேச முயன்றாள், முடியவில்லை.

அவர் வெளியே போனார். போய்விட்டார் என்றே அவள் நினைத்தாள். சற்று நேரத்தில் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. அரிசி குழைந்து அடிபிடித்த கஞ்சியை மங்குக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப எனக்கு நீ யாரோதான்," என்றார். "உள்ள ஒண்ணும் அசையல. நான் பொய் சொல்லல. ஆனா அது அசையாததுக்கு நீ என்ன செய்வ? என் மண்டைக்குள்ள இருக்கற கோளாறு எனக்கே தெரியுமே. அது ஒண்ணு சொல்லுது, நான் ஒண்ணு சொல்றேன். நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போறேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. அவர் கண்ணை மூடாமல் அவள் முகத்தையே பார்த்தபடி கஞ்சியை ஊதி ஆற்றினார்.

"குடி, வேணி," என்றார்.