மனோராவுக்கு இந்தப் பக்கம்

நண்டின் கொடுக்கில் சிக்கியிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். வாயில் உப்பும் சேறும் வந்தது. நாளையிலிருந்து இதைச் செய்ய வேண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாயங்காலத்துக்குள் மல்லிப்பட்டினம் போய்விட்டால் அங்கிருந்து பேராவூரணிக்குப் பஸ் இருக்கிறது. என் தங்கை காளியம்மாள் அங்கே கயிறு கம்பெனியில் எனக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறாள். நாளைக் காலையில் நார் முறுக்கும் மிஷின் முன்னால் நான் நிற்க வேண்டும். தரையில். ஆடாத தரையில்.

அதிராம்பட்டினம் வாய்க்காலில் படகு சாய்ந்து நின்றது. கரையில் நண்டு வாங்கும் வியாபாரி ஜாபிர் கூடையோடு காத்திருந்தான். நான் வலையிலிருந்து பிரித்துப் பிரித்துப் போட, அவன் கொடுக்கைப் பிடித்து ரப்பர் மாட்டிக்கொண்டே வாயையும் சும்மா வைக்கவில்லை.

“என்னக்கா, மச்சான் இன்னைக்காவது சுக்கானக் கையில குடுக்குறாரா?”

“என்னையத் தூக்கி யாருக்காச்சும் குடுத்தாலும் குடுப்பாரு தம்பி, அதக் குடுக்க மாட்டாரு.”

ஜாபிர் சிரித்த சிரிப்பில் ஒரு நண்டு கை நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. பின்னால் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சாமிதுரை காதில் விழாதவர் மாதிரி இருந்தார். அவருக்கு அது நன்றாக வரும்.

நாங்கள் கடல்காரர்கள் இல்லை. வலங்கைமான் பக்கம். நான் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். அவர் டிராக்டர் ஓட்டியவர். நடவுக்கு மிஷின் வந்தது, டிராக்டருக்கு சின்னப் பையன்கள் வந்தார்கள். பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் காவலுக்கு வந்தோம். கஜா புயலில் தோப்பும் போனது, தோப்புக்குள் நாங்கள் இருந்த கொட்டகையும் போனது. அதற்குப் பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான், மீரா சாகிபு பாயின் பாய்மரப் படகுக்கு வந்தோம். அவர் பிள்ளைகள் துபாயில் இருக்கிறார்கள். படகு மணலில் கவிழ்ந்து காய்ந்து கிடந்தது. “சும்மா கெடக்குறதுக்கு நீங்க ஓட்டுங்களேன்” என்றார். பாய் அனுப்பிய ஆள் ஒருவர் இவருக்குக் கொஞ்ச நாள் கற்றுக்கொடுத்தார். என்னைக் கரையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

நண்டு ஒரே இடத்தில் இருக்காது. அது போகிற பக்கம் படகும் போக வேண்டும். முத்துப்பேட்டையிலிருந்து கட்டுமாவடி வரைக்கும் கரையை விட்டு ரொம்ப விலகாமல் போவதும் வருவதுமாக மூன்று மாதம் ஓடிவிட்டது. சமைப்பது, படுப்பது எல்லாம் படகில்தான். நடுவில் தார்ப்பாய் கட்டி, அதற்குள் அடுப்பு, அரிசி டின், தண்ணீர்க் குடம். பொம்பளைக்குப் படகில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். முடியாத நேரத்தில் பழைய சேலையை மறைப்பாகக் கட்டுவேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தேவையில்லாமல் இருமிக்கொண்டே இருப்பார். அந்த இருமல் ஒன்றுதான் இந்தப் படகில் எனக்கென்று அவர் செய்தது.

கஷ்டத்துக்காக நான் போகவில்லை. கஷ்டம் தரையிலும் உண்டு. படகின் பின்பக்கம், படகைத் திருப்பும் சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்காருவார். நடுவில் அவரைப் பார்த்தபடி நான் உட்கார்ந்து, உள்ளே கசியும் தண்ணீரை டப்பாவால் இறைத்துக்கொண்டிருப்பேன். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் என் தலைக்கு மேலே பாயைப் பார்ப்பார். “அத இழு.” “இத வுடு.” “குனி.” இவ்வளவுதான் பேச்சு. சுக்கானை ஒரு தடவை கேட்டேன். “ஒனக்கு எதுக்கு அது” என்றார். வயலிலாவது பக்கத்தில் நடுகிறவளோடு வாய் பேசலாம். இங்கே நானும் ஒரு டப்பா.

பேச ஆளில்லாமல் நான் பாயைப் படித்தேன். யூரியா சாக்கையும் சிமெண்டு சாக்கையும் பிரித்துத் தைத்த பாய் அது. நூறு நாள் வேலைக்குப் போன காலத்தில் பள்ளிக்கூட வராந்தாவில் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். நாற்பது வயசுக்கு மேல் அங்கேதான் எழுத்துக் கூட்டினேன். சாக்கில் எழுத்துகள் தலைகீழாகவும் பாதி வெட்டுப்பட்டும் இருக்கும். வெயில் அந்தப் பக்கம் இருந்தால் இடம் வலம் மாறித் தெரியும். காற்று நிரம்பும்போது ‘கொக்கி போடாதீர்’ என்பது வயிறு மாதிரி புடைக்கும்.

நேற்று சோறு போடும்போது சொன்னேன். “மல்லிப்பட்டினத்துல எறங்கி காளி வூட்டுக்குப் போறேங்க. இனிமே வரல.”

“ம்” என்றார். சோற்றைப் பிசைந்த கை கொஞ்சம் நின்றது. பிறகு பிசைந்தது.

வாய்க்காலை விட்டு வெளியே வந்ததும் வாடைக்காற்று படகைப் பின்னாலிருந்து தள்ளியது. வலது பக்கம் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. கடல் பச்சைத் தண்ணீராக, அடியில் பாசி ஆடுவது தெரியும்படி தெளிவாக இருந்தது. ராஜாமடம் தாண்டிய பிறகு, தூரத்தில், மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மனோரா கோபுரம் ஒரு விரல் உயரத்துக்கு எழுந்தது. அப்போது அவர் எழுந்தார். சுக்கானைத் தொடையால் அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“இந்தா. புடி.”

நான் டப்பாவோடு பார்த்தேன்.

“போவப்போற ஆளுதான. புடிச்சுப் பாத்துட்டுப் போ.”

கோபத்தில் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் போய் உட்கார்ந்து கட்டையைப் பிடித்தேன். அவர் கை வைத்திருந்த இடம் சூடாக இருந்தது. கட்டைக்குள் தண்ணீர் நடுங்கியது. கரைப் பக்கம் திருப்பலாமென்று வலது பக்கமாகத் தள்ளினேன். படகு இடது பக்கம் கடலுக்குள் ஓடியது.

“எதிர்ப்பக்கம் தள்ளணும் புள்ள! எங்க போவணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம்.”

“இது என்னங்க கூத்து?”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. டிராக்டருன்னு நெனச்சுக்கிட்டு மொதநாளே ஒருத்தரு வலக்கம்பத்துல கொண்டு போயி சொருவுனேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்லியே?”

“அதெல்லாம் பத்திரிக அடிச்சா சொல்லுவாங்க?”

அவர் நடுவில், என் இடத்தில் உட்கார்ந்து டப்பாவை எடுத்துக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் கட்டை என் கைக்குப் படிந்தது. சின்னதாக ஒரு தள்ளு, சின்னதாக ஒரு இழு. இவ்வளவு பெரிய மரம் என் மணிக்கட்டுக்குக் கேட்டது. படகு நேராகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் நுரை ஒரே கோடாக, கயிறு பிடித்து நட்ட மாதிரி கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோடு கொஞ்சம் வளைந்தால் கட்டையைத் திருத்துவேன். மறுபடியும் நேராகும். அப்படியே அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

நடவு நட்டவர்களுக்கு இது புரியும். நாங்கள் பின்னால் நகர்ந்துதான் நடுவோம். கண் எப்போதும் நட்ட வரிசை மேல் இருக்கும், கால் போகிற பக்கம் இருக்காது. வாழ்நாளெல்லாம் பழகிய கண் அது. முன்னால் என்று ஒன்று இருப்பதையே நான் மறந்துபோனேன்.

“நீலா! முன்னாடி!”

அதற்குள் படகு மெத்தையில் விழுந்த மாதிரி நின்றுவிட்டது. நான் முன்னால் சரிந்து அவர் மேல் விழுந்தேன். குடம் உருண்டது. காற்று இன்னும் தள்ள, அவர் பாய்ந்து போய்ப் பாயை இறக்கினார். சுற்றிலும் முழங்கால் தண்ணீர், அதற்கு அடியில் கறுப்புச் சேறு. இனி வைவார் என்று காத்திருந்தேன்.

அவர் பின்னால் இருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பின்னாடியே பாத்துக்கிட்டு வந்தியா?”

“கோடு நேரா இருக்குதான்னு பாத்தேன்.”

“நேராத்தான் இருக்கு. நேரா சேத்துக்குத்தான் வந்துருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கஜாவுக்குப் பிறகு இந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. “நடவுக்காரி, எறங்கு. ஒன் வயலுதான்” என்றார்.

இரண்டு பேரும் இறங்கினோம். சேறு கணுக்கால் வரைக்கும் வாங்கியது. தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. தண்ணீர் ஏறினால்தான் கிளம்பும் என்றார். படகின் நிழலில், ஈரத்தில் நின்றுகொண்டிருந்தோம். பஸ் போய்விடும் என்று தோன்றியது. அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். கரைப் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

“ஒனக்கு வராதுன்னு குடுக்காம இல்ல. எனக்கே இன்னும் பயந்தான். பாய மாத்துறப்பல்லாம் ஈரக்கொல நடுங்கும். பக்கத்துல ஒக்காந்தின்னா தெரிஞ்சுரும்.”

“தெரிஞ்சா என்ன?”

“ஒன்ன நம்பவச்சுக் கடல்ல கூட்டியாந்துருக்கேன். எனக்கே தெரியலன்னா நீ எதப் புடிச்சுக்குவ?”

மூன்று மாதமாக அவர் பாயைப் பார்த்தது காற்றுக்காக மட்டும் இல்லை போலிருக்கிறது. என் கண்ணுக்குத் தப்பவும்தான் மேலே பார்த்திருக்கிறார்.

இடுப்பில் போன் அடித்தது. காளியம்மாள்.

“அக்கா, பஸ் ஏறிட்டியா?”

“சேத்துல நிக்கிறேன்டி.”

“எந்த வயல்ல?”

“கடல்ல.”

“வெளையாடாத. காலையில வரலன்னா சூப்பர்வைசரு வேற ஆளப் போட்டுருவாரு.”

“இரு, சொல்றேன்” என்று போனைக் கையால் மூடினேன். இவர் படகைத் தள்ளுவது போல் நின்றார். தள்ளவில்லை. எனக்குத் தெரியாதா.

“நாளைக்கும் குடுப்பீங்களா?”

“எத?”

“எதயா? அதத்தான்.”

“காத்து இல்லாதப்ப நீ ஓட்டு” என்றார்.

“காத்து இல்லாதப்ப படகு எங்கங்க ஓடும்? நல்லா இருக்கே ஞாயம்.”

அவர் தாடையைச் சொறிந்தார். தாடையில் சேறு அப்பியது. “சரி. காத்து இருக்கப்ப ஓட்டு. வாய்க்காலுக்குள்ள நொழயுறப்ப மட்டும் ரெண்டு பேரும் சேந்து பாப்போம்.”

“தண்ணி யாரு எறைக்குறது?”

“எவன் சும்மா இருக்கானோ அவன்.”

போனை எடுத்தேன். “காளி, வேற ஆளப் போட்டுக்கச் சொல்லுடி.”

“யக்கா, அந்தப் படகுல என்னதான் இருக்கு?”

“அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டேன். நாளைக்கு மறுபடியும் “அத இழு, இத வுடு” என்பாரோ என்னவோ. ஆனால் இன்றைக்கு அந்தக் கட்டை என் பேச்சைக் கேட்டது.

வெயில் சாயத் தொடங்கியபோது தண்ணீர் தொடையைத் தொட்டது. படகு தூக்கத்தில் புரளுவது போல ஒரு தரம் புரண்டது. “இப்ப!” என்றார். தள்ளினோம். வழுக்கிக்கொண்டு விலகி மிதந்தது. அவர் முதலில் தொற்றி ஏறினார். எனக்குச் சேலை நனைந்து கனத்தது. குனிந்திருந்த அவர் முதுகில் கையை ஊன்றித்தான் ஏறினேன்.

பாயை ஏற்றிவிட்டு அவர் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். கம்போ சேறோ வந்தால் அங்கிருந்து சொல்வாராம். திரும்பிப் பார்க்கவில்லை. நான் சுக்கானைப் பிடித்தேன். பழக்கதோஷத்தில் கழுத்து பின்னால் திரும்பப் பார்த்தது. இழுத்து முன்னால் வைத்தேன். அவர் வெள்ளைச் சட்டையின் முதுகில் என் கை, ஐந்து விரலும் விரிந்து, கறுப்புச் சேறாக இருந்தது. காற்று பட்டு ஓரத்திலிருந்து அது வெளுத்துக்கொண்டு வந்தது. அந்தக் கைக்கு நேராக மனோராவை நிறுத்திக்கொண்டு ஓட்டினேன். விரல் நுனியில் காய்ந்த சேறு பொடிப்பொடியாக உதிர்ந்து காற்றில் போனது. கோபுரம் அந்த விரல்களுக்கு நடுவிலிருந்து மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது.