ஆறு மாதத்து அக்கா

"இரட்டையா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதுவரைக்கும் பாதகமில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இந்த உலகத்தில் யாரும் அத்தோடு விடுவதில்லை. லிஃப்ட்டில் மூன்று மாடி ஏறுவதற்குள், வங்கியில் டோக்கன் வருவதற்குள், பல் டாக்டர் வாசலில் வீங்கிய தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுகூட, அடுத்தவர் பிள்ளைகளுக்கு நடுவில் எத்தனை வயது இடைவெளி என்று கணக்குப் பார்க்க ஜனங்களுக்குத் தெம்பு இருக்கிறது.

இவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவள், சின்னவள். பெரியவள் சின்னவளைவிட ஆறு மாதம் மூத்தவள். ஆறு வருஷமில்லை, ஆறு மாதம். வருஷத்தில் பாதி நாள் இருவருக்கும் ஒரே வயது. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இருந்தாலும் சின்னவள் அவளை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அதைக் கேட்டதும் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் காது விடைத்துக்கொள்ளும். எவ்வளவு வித்தியாசம் என்பார்கள். பெரியவள் பெருமையாகச் சொல்லித் தொலைப்பாள். பிறகு விரல் மடக்குவார்கள்.

கணக்கு இடித்ததும் ஆம்பளைகள் இவள் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். "பலே ஆளுதான் சார் நீங்க!" பெண்கள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பெரிய மனசும்மா," என்பார்கள். அவருக்கு இன்னொருத்தி இருந்தாளாம், அவள் பெற்றதை இவள் வளர்க்கிறாளாம். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் நாள் முழுக்க எண்ணெய்க் கறையோடு அலைகிற மனுஷர். "போகட்டும் விடு. என் மூஞ்சிக்கு இப்படி ஒரு பேர் கெடைக்கிறது லேசா?" என்று சிரிப்பார். இவளுக்குச் சிரிப்பு வராது.

நடந்தது இவ்வளவுதான். கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. பார்க்காத வைத்தியமில்லை. கடைசியில் ஒரு இல்லத்திலிருந்து, பிறந்து இருபதே நாளான குழந்தையைத் தத்தெடுத்து வந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் இவளுக்குத் தலைசுற்றல், வாந்தி. ராத்தூக்கம் இல்லாத கோளாறு என்று நினைத்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இவளே நாலு மாதக் கர்ப்பம் என்றார். செய்தி பரவியதும் வீட்டுக்காரரின் அத்தை ஒரு கூடைப் பழத்தோடு வந்து உட்கார்ந்து, "அதான் உனக்கே பொறக்கப்போகுதே, இதைத் திருப்பிக் குடுத்துட வேண்டியதுதானே," என்றாள். அளவு சேராத செருப்பைக் கடையில் திருப்பிக் கொடுப்பதைப் போலச் சொன்னாள். இவள் அத்தையை வெளியே அனுப்பிவிட்டுப் பழக்கூடையையும் பின்னாலேயே வாசலில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பயம். என்றைக்காவது, எவளாவது ஒரு வாய்த்துடுக்கு, பெரியவளின் காதுபட நீ சொந்தமில்லை என்று சொல்லிவிடுவாள். பிள்ளையின் மனசு ஒடிந்துவிடும். அது நடக்கக் கூடாது. இவள் வாயில் எந்நேரமும் ஒரு பதில் தயாராக இருந்ததற்கு அதுதான் காரணம். "ஏன், வயசு சர்டிபிகேட் நீங்கதான் குடுக்கிறீங்களா?" என்பாள். "உங்க வீட்டுக் கணக்கெல்லாம் சரியா இருக்கா?" என்பாள். வேலையோ டெலிபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில். எட்டு மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கத்துகிறவர்களிடமெல்லாம் மன்னிக்கவும் சார், மன்னிக்கவும் மேடம் என்று சொல்லிச் சொல்லி, ஆபீஸைவிட்டு வெளியே வரும்போது மரியாதை சுத்தமாகத் தீர்ந்து போயிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு வழக்கமாக முடி வெட்டுகிற கடை பூட்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளிப் புதிதாக ஒன்று. இரண்டே நாற்காலி. ஒன்றில் தலை முழுக்கச் சாயம் பூசி, மேலே பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு ஓர் அம்மாள், சாயம் காய்வதற்காகக் காத்திருந்தாள். காத்திருக்கிறவர்களிடம் எப்போதுமே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மற்ற நாற்காலியின் கைகளுக்குக் குறுக்கே பலகையைப் போட்டு, பெரியவளுக்கு முதலில் வெட்டினாள் முடிவெட்டுகிறவள். கை சுத்தம், குறை சொல்வதற்கில்லை. பெரியவள் இறங்க, சின்னவள் ஏறினாள். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, தண்ணீர் தெளித்து, வலப்பக்க முடியைக் கிளிப் போட்டு ஒதுக்கி, இடப்பக்கத்தைக் காதளவுக்கு வெட்டி முடித்தாள். அப்போதுதான் சின்னவள் கண்ணாடி வழியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, எனக்கும் உன்னை மாதிரியே வருதா?"

"அக்காவா?" என்றாள் முடிவெட்டுகிறவள். "நான் இரட்டைன்னுல்ல நெனச்சேன். எவ்வளவு பெரியவ?"

"ஆறு மாசம்," என்றாள் பெரியவள், சோபாவிலிருந்து.

கத்தரி நின்றது.

"ஆறு வருஷம்னு சொல்லுதா கொழந்தை?"

"மாசம்," என்றாள் பெரியவள் அழுத்தி.

"நீங்க முடியை வெட்டுங்க," என்றாள் இவள்.

"வெட்டிட்டுத்தானே இருக்கேன். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

சாயத்து அம்மாள் நாற்காலியோடு இந்தப் பக்கம் திரும்பினாள். "என் நாத்தனாருக்குக் கொறை மாசத்துலதான் பொறந்துச்சு. அப்படின்னாலும் ஆறு மாசம் இடிக்குதே."

"உங்களுக்குச் சாயம் காதுல வழியுது, அதைப் பாருங்க."

அவள் பார்க்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்க," என்றாள். தப்பாக நினைக்க முடியாத எதையும் இப்படி ஆரம்பித்து யாரும் கேட்டதில்லை. "இந்த ரெண்டுல எது உங்க சொந்தக் கொழந்தை?"

இவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் முந்திக்கொண்டாள். அவளுக்குப் பிடித்த கதையாயிற்றே.

"என்னைப் போய்க் கூட்டிட்டு வந்தாங்க! பயங்கர மழை. அப்பா அவசரத்துல சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு வந்தாரு. வண்டி பாதி வழியில நின்னுடுச்சு. அம்மா நனைஞ்சுகிட்டே ஓடி வந்தாங்க!"

"அட பாவமே," என்று சாயத்து அம்மாள் உச்சுக் கொட்டினாள். முடிவெட்டுகிறவள் சின்னவளின் கன்னத்தை நிமிண்டி, "அப்ப இதுதான் சொந்தம். அதானே பாத்தேன், அம்மா மூக்கு அப்படியே இருக்கு," என்றாள்.

சொல்லியாயிற்று. ஆறு வருஷமாக எதைத் தடுக்க ஊரோடு மல்லுக்கு நின்றாளோ, அதை ஒருத்தி கையில் சீப்பை வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொல்லிவிட்டாள்.

"எது சொந்தம்னு தெரிஞ்சா என்ன பண்ணப்போறீங்க? அதுக்கு மட்டும் நல்லா வெட்டிட்டு, இன்னொண்ணுக்கு ஏனோதானோன்னு வெட்டுவீங்களா?"

"எதுக்கும்மா இப்படி எரிஞ்சு விழறீங்க? ஊர்ல நடக்காததா? கேட்டதுல என்ன தப்பு?" என்றாள் சாயத்து அம்மாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணு."

"ஏன் ஒண்ணோட நிறுத்திட்டீங்க? என்ன கோளாறு? உங்களுக்கா, அவருக்கா?"

சாயத்து அம்மாளின் முகம் சட்டென்று வற்றிப்போனது. நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எங்கேயோ படாத இடத்தில் பட்டுவிட்டது என்று இவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வருத்தப்படவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த நிமிஷம் அது இவளுக்கு இனித்தது. சின்னவளின் கழுத்துத் துணியை அவிழ்த்து நாற்காலிமேல் வீசினாள். "பாதியிலயாம்மா போறீங்க?" என்று முடிவெட்டுகிறவள் நிஜமாகவே பதறினாள். இவள் கூலியைக் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டு, ஒரு கையில் பெரியவள், ஒரு கையில் சின்னவளாகத் தெருவில் இறங்கினாள்.

சின்னவளின் தலை பார்க்கச் சகிக்கவில்லை. இடப்பக்கம் காதோடு நின்றது, வலப்பக்கம் தோள்வரை தொங்கியது, அதில் கடைக்காரியின் கிளிப் வேறு. எதிரே வந்தவர்கள் பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு பிள்ளை பெற்றவளைப் பார்த்தார்கள். பார்த்தவர்களையெல்லாம் இவள் பதிலுக்கு முறைத்துக்கொண்டே நடந்தாள். ஆனால் இவள் கவலை அந்தத் தலையில் இல்லை. தெருமுனை திரும்பியதும் பெரியவளுக்கு எதிரே மண்டி போட்டாள்.

"அவங்க கெடக்காங்க, விவரம் கெட்டவங்க. நீதான் எங்க மூத்த பொண்ணு. எங்க சொந்தம். யார் என்ன சொன்னாலும்..."

"தெரியுமேம்மா," என்றாள் பெரியவள். "எனக்குப் பசிக்குது."

அவ்வளவுதான். இவள் அவள் கண்ணையே உற்றுப் பார்த்தாள். கலக்கம் இருக்கிறதா, மறைக்கிறாளா என்று துழாவினாள். ஒன்றுமில்லை. அந்தக் கண்ணில் பசிதான் இருந்தது. ஆறு வருஷத்துப் பயம் ஒரு பன்னுக்குப் பெறாமல் போனதில் இவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அப்போது சின்னவள் இவள் தோளைத் தொட்டாள்.

"அம்மா, அந்த ஆன்ட்டி மாத்திச் சொல்லிட்டாங்க, இல்ல?"

"எதைடி?"

"என்னையப் போய் சொந்தம்னு." தப்பு கண்டுபிடிக்கிற குரல்கூட இல்லை. யாரோ விவரமில்லாமல் சொன்னதை மன்னித்துவிடுகிற குரல். "அக்காதானே சொந்தம். அவளைத்தானே நீங்க மழையில நனைஞ்சுகிட்டே போய்க் கூட்டிட்டு வந்தீங்க. என்னைய யாரும் கூட்டிட்டு வரலியே."



ராத்திரி தவறாமல் இவள் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். பெரியவளுக்கு ஒரு குறையும் தெரியக் கூடாது என்று, மழையை ஒரு பங்கு கூட்டி, வண்டி நின்றதை இரண்டு பங்கு கூட்டிச் சொல்லியிருக்கிறாள். சின்னவள் பக்கத்திலேயே படுத்துக் கேட்டிருக்கிறாள். அதை இருவரும் விளையாட்டாகவும் விளையாடுவார்கள். குழந்தை எப்போதும் பெரியவள், எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் எப்போதும் சின்னவள். தான் எப்படி வந்தேன் என்று சின்னவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காத பிள்ளைக்கு இவளும் சொன்னதில்லை. பெரியவளுக்கு வலிக்குமோ என்று, தான் சுமந்ததைப் பற்றியே வீட்டில் பேச்சை எடுக்கவிட்டதில்லை. வயிற்றோடு எடுத்த படங்களை அலமாரியின் மேல் தட்டில் துணிக்கடியில் போட்டுவைத்தவள் இவள்தான். வெளியே ஒருத்தரையும் நெருங்கவிடாமல் காவல் காத்தாள். காயம் பட்டது வீட்டுக்குள் இருந்த மற்றவளுக்கு. அதைச் செய்தது வழிப்போக்கர் யாருமில்லை.

"கண்ணு, நீ என் வயித்துல இருந்துதான் வந்தே," என்றாள்.

"வயித்துல இருந்து எல்லாரும்தான் வர்றாங்க. எங்க மிஸ் சொன்னாங்க," என்றாள் சின்னவள் பொறுமையாக. "அக்காவும் ஒரு வயித்துல இருந்துதான். அது கணக்கில்ல. நீங்க யாரைப் போய்க் கூட்டிட்டு வந்தீங்க, அதான் கணக்கு."

லிஃப்ட்டில் கேட்டவனுக்குப் பதில் இருந்தது, வங்கியில் கேட்டவளுக்கு இருந்தது, சற்றுமுன் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி ஒருத்தியைக் கேட்டுவிட்டும் வந்திருக்கிறாள். இதற்குப் பதில் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால், நடுத்தெருவில், மண்டி போட்டபடியே அழுதாள்.

அம்மா அழுவதைச் சின்னவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு ஒரு வழி தோன்றியது.

"நான் வேணா அங்க போய் நிக்கவா? நீங்க வந்து என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஓடிப்போய் நாலு கடை தள்ளிப் பூட்டு ரிப்பேர்க் கடைப் படிக்கட்டின் ஓரமாகச் சுவரோடு ஒட்டிக் கண்ணை மூடி நின்றுகொண்டாள். பெரியவளுக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. பசியை மறந்து, "நான்தான் நர்ஸ்! நான்தான் நர்ஸ்!" என்று கத்திக்கொண்டே ஓடித் தங்கையின் பக்கத்தில் விறைப்பாக நின்றாள்.

இவள் எழுந்தாள். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டத் தோன்றவில்லை. முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். பையை மாட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பட்டப்பகலில் ஒரு பெண்பிள்ளை நாலு கடை தூரத்துக்கு இப்படி ஓடுவதைத் தெருவே நின்று பார்த்தது. பூட்டுக் கடைக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். பாதி வெட்டிய தலையோடு கண்ணை மூடி நிற்கிற பிள்ளையைப் பார்த்தார், மூச்சு வாங்க வந்து நிற்கிறவளைப் பார்த்தார்.

"என்னம்மா இது? தலையெல்லாம் இப்படிக் கெடக்கு! யார் கொழந்தை?"

"என்னோடது," என்றாள் இவள். "கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"தலை இன்னும் நிக்கல," என்றாள் நர்ஸ் கண்டிப்பாக. "பாத்துத் தூக்குங்க."

இவள் குனிந்து, சின்னவளின் கழுத்துக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து, பார்த்துத் தூக்கினாள்.