நிபுணரின் கழுத்து

நிபுணரின் கழுத்து பிடித்துக்கொண்டது சாந்தமாக இருக்கப் போய்த்தான். பாரம் தூக்கிப் பிடித்திருந்தால்கூட வெளியே சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருந்திருக்கும்.

அன்று பிற்பகல் பெரிய ஓட்டலின் மேலாளரம்மா வருவதாக இருந்தது. ஓட்டலின் மேல்மாடியில் மசாஜ் அறை ஒன்று திறக்கப்போகிறார்கள். அதை யார் கையில் ஒப்படைப்பது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு இடமாகப் போய்த் தானே மேசையில் படுத்துப் பார்த்துவிடுவது அந்த அம்மாவின் வழக்கம். நிபுணருக்கு அந்த அறை வேண்டும். அவருடைய ‘முழுமைச் சிகிச்சை மையம்’ இரும்புக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ‘டமார்’, மறுபக்கம் ‘ஐயோ’. இரண்டுக்கும் இடையில் உட்கார்ந்துகொண்டு ‘அமைதியை உணருங்கள்’ என்று எத்தனை காலம்தான் சொல்வது?

மேலாளரம்மா வருவதற்குள் வாசலில் புதுப் பலகை வைத்துவிட வேண்டும் என்று காலையில் ஓர் ஆசை பிறந்தது. பலகைக்குப் படம் வேண்டும். பாயில் சம்மணமிட்டு, கண்ணைப் பாதி மூடி, தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். மனைவி போனைப் பிடித்தாள். மையத்தின் வரவேற்பாளர், மேற்பார்வையாளர், டவல் துவைப்பவர் எல்லாம் அவள்தான்.

“என்னங்க, சாந்தமா இருங்கன்னா பல்லு வலிக்கு வந்த மாதிரி இருக்கீங்க. பாக்கறவங்க பக்கத்துக் கதவுக்குப் போயிடுவாங்க.”

“இப்போ?”

“இப்போ தூக்கக் கலக்கமா இருக்கு.”

“தலைய இன்னும் சாய்க்கவா?”

“சாய்ங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே அசையாம இருங்க, அக்கா கூப்பிடறா.”

அக்காவுக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாது. தங்கைக்கு அதில் புகாரும் கிடையாது. ஒரு கல்யாணம் முறிந்து இன்னொரு கல்யாணம் நிச்சயமாகும்வரை பேச்சு நடந்தது. நிபுணர் சாந்தம் கலையாமல் காத்திருந்தார். அப்புறம் எடுத்த படம் என்னவோ பிரமாதம். தலைதான் நிமிரவில்லை.

‘தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் ஒவ்வொரு உடலிலும் உறங்குகிறது’ என்று அவருடைய விசிட்டிங் கார்டில் பொன்னெழுத்தில் போட்டிருக்கும். சுவரில் சாய்ந்து, அந்த ஆற்றல் எழுந்திருக்கக் காத்திருந்தார். அது நல்ல தூக்கத்தில் இருந்தது போலிருக்கிறது. அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

“தம்பிய வரச் சொல்றேன்” என்றாள் மனைவி.

“யாரு, அந்த மாவு பிசையறவனா?”

மச்சானும் அவரோடு ஒரே பயிற்சி வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தவன்தான். படித்து முடித்ததும் இவர் பிரபஞ்ச சக்தியைப் பிடித்துக்கொண்டார். அவன் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, ‘உடம்பு பிடித்துவிடப்படும்’ என்று மட்டும் எழுதிப் போட்டான். சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில், “அவனும் நம்ம தொழில்தான், ஆனா ஆழம் போதாது” என்று நிபுணர் அவனை அறிமுகப்படுத்துவார்.

ஆழம் போதாதவன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

“என்ன மாமா, பக்கத்து வீட்ட எட்டிப் பாக்கறீங்களா?”

“கேலி பண்ணாத மாப்ள. மேலாளரம்மா வர்ற நேரம்.”

“அப்ப ஏறிப் படுங்க.”

அந்த மேசையில் நிபுணர் படுத்ததே இல்லை. வாங்கிய அன்று ஒரு ஓரத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. இப்போது குப்புறப் படுத்து, முகம் வைக்கும் ஓட்டையில் முகத்தைப் பொருத்திக் கீழே பார்த்தார். கண்ணுக்கு நேரே தரையில் அவருடைய தாமரைக் கிண்ணம். படுத்திருப்பவரின் பார்வை மலரில் லயிக்க வேண்டும் என்று அவர் வைத்த ஏற்பாடு. பிளாஸ்டிக் தாமரை பழுப்பேறிக் கிடந்தது. இதழில் கடைக்காரன் ஒட்டிய கோடு கோடான விலை ஸ்டிக்கர். நடுவில் ஒரு கரப்பான், கால்களை மேலே தூக்கியபடி, முழுத் தளர்வில்.

இத்தனை காலமும் எல்லோரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் பிரபஞ்சத்தோடு ஒன்றியிருக்கிறார்கள்.

மேலே மச்சான் தொண்டையைச் செருமினான். அப்படியே நிபுணரின் குரல்: “மூச்ச்ச்சை... மெல்ல உள்ளே இழுங்கள். உங்கள் முன்னால் ஒரு நீல ஏரி. அதன் கரையில்...”

“டேய், ஏரி கிடக்கட்டும்! கழுத்தப் பாருடா!”

“உங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் மனசுக்குள்ள இதத்தான் மாமா சொல்லிருப்பாங்க” என்றபடி அவன் கட்டைவிரலை ஓர் இடத்தில் வைத்து அழுத்தினான்.

நிபுணர் போட்ட சத்தத்தில், பல் வைத்தியரின் வாசலில் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதாகப் பின்னால் தெரியவந்தது.

தலை நிமிர்ந்தது. ஆனால் வாயைத் திறந்தால் கழுத்து சுளீரென்றது.

“இன்னிக்கு முழுக்கப் பேசாதீங்க மாமா.”

“பேசா...” சுளீர். சிகிச்சையில் பாதி பேச்சுதானே என்று கையால் சைகை காட்டினார்.

“அந்தப் பாதிய விட்டுருங்க. யாரும் தேட மாட்டாங்க.”

மேலாளரம்மா வந்தபோது மனைவி முந்திக்கொண்டாள். “வாங்க மேடம். சார் இன்னிக்கு மௌன சிகிச்சை செய்யறார்.” அவள் அதைச் சொன்ன அழகைப் பார்த்து, விசிட்டிங் கார்டை இவளையே எழுதச் சொல்லியிருக்கலாம் என்று நிபுணருக்குத் தோன்றியது. கிண்ணத்தை ஏற்கெனவே பரணில் ஏற்றியிருந்தார்.

எண்ணெயைக் கையில் சூடாக்கித் தொடங்கினார். பேச்சுத் துணை இல்லாமல் கைகள் முதலில் கொஞ்சம் திருதிருவென்று விழித்தன. பிறகு வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு முடிச்சு தட்டுப்பட்டது, புளியங்கொட்டை மாதிரி. வழக்கமாக இந்த இடத்துக்கு வரும்போது அவர் ஏரிக்கரையில் இருப்பார். இன்று போக இடமில்லாததால் அங்கேயே நின்றார். எத்தனை முதுகுகளில் இப்படி எத்தனை கொட்டைகளைத் தாண்டி ஏரிக்குப் போயிருக்கிறோம் என்று நினைத்தபோது காது சூடானது. முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இரும்புக்கடையில் ‘டமார்’. மேலாளரம்மா அசையவில்லை. சற்று நேரத்தில் ஓட்டை வழியாகக் குறட்டை தரைக்கு இறங்கியது.

எழுந்து உட்கார்ந்தவரின் முகத்தைச் சுற்றி மேசையின் வளையம் அச்சாகப் பதிந்திருந்தது.

“போன இடத்துல எல்லாம் பேசியே கொன்னுட்டாங்க. மலைங்கறாங்க, அருவிங்கறாங்க. ஒருத்தர் என்னை மேகமா மாறச் சொன்னார். நீங்க ஒருத்தர்தான் வாயத் திறக்காம வேலையப் பாத்தீங்க. அறை உங்களுக்குத்தான். ஆனா எப்பவும் இப்படியே இருக்கணும். முடியுமா?”

நிபுணருக்குள் ஒரு பிரசங்கம் திரண்டு எழுந்தது. மௌனத்தின் படிநிலைகள், அதைத் தாம் கண்டடைந்த விதம், அதில் பிரபஞ்சத்தின் பங்கு. வாயைத் திறக்கப் போனார். பின்னால் மனைவி டவலை ஓங்கி ஒரு உதறு உதறினாள்.

நிபுணர் வாயை மூடிக்கொண்டு, பணிவாகத் தலையை ஆட்டினார்.

கடக்.

“என்ன சத்தம் அது?” என்றார் மேலாளரம்மா.

“இரும்புக்கடை, மேடம்” என்றாள் மனைவி.