ஒன்பது வெள்ளிக்கிழமை

பிரின்சியை நான் உட்காரச் சொல்லவில்லை. அவளாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் பாட்டன் எங்கள் நிலத்தில் நாற்று நட்டவன். அப்பன் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிறான். இவள், கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று ஊர் ஊராக அளந்துகொண்டு திரிகிறாள்.

"கவரைப்பேட்டை ரயில்வே கேட்டு மூடிகினு இருந்தாகூட பதினாலு நிமிஷத்துல வண்டி வந்துடுதுங்க ஐயா. உங்க ஊடு மட்டும்தான் இடிக்குது. ஒம்போது வாரம், ஒம்போது போன் கால். ஒவ்வொரு வாட்டியும் வண்டி வந்துகீது. வாசல்லயே திருப்பி அனுப்பிகீறீங்க."

"இந்த ஊட்ல நான் ஒண்டிக்கட்டை. தலைவலின்னுகூடப் படுத்ததில்ல. நான் எதுக்கும்மா கூப்புடறேன்?"

"கூப்ட்டது பொம்பளங்க. எல்லாமே வெள்ளிக்கிழம, மதியம் ரெண்டு பத்து. பேரு ஜோதிலட்சுமின்னு சொல்லிகீறாங்க."

என் தங்கை. அவள் போய் ஒன்பது வாரம்.

முதல் அழைப்பு உண்மை. புருஷனை விட்டு வந்து மூன்று வருடம் அவள் பின்னறையில்தான் இருந்தாள். ஆரணியில் அவனோடு நல்லபடி வாழ்கிறாள் என்று ஊரில் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டுப் பெண் எவளும் அப்படித் திரும்பி வந்ததில்லை. அன்று நெஞ்சு வலியில் அவளே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். நான் வாசலில் நின்று கையைத் தூக்கி, "ஊடு மாறி வந்துட்டீங்க" என்று அனுப்பிவிட்டேன். இருட்டியதும் காரில் கொண்டுபோகலாம் என்றிருந்தேன். ஐந்து மணிக்கு அடங்கிவிட்டாள். விருந்துக்கு வந்த இடத்தில் போய்விட்டாள் என்றேன். ஊர் நம்பியது. அவள் செல்போனைச் சிதையில் வைத்ததும் நான்தான்.

"திருப்பி அனுப்பினது யாருன்னு எழுதிகீறாங்களா?"

பிரின்சி படித்தாள். "வெள்ள வேட்டி, கைத்தடி, பெரியவரு. ஒம்போது டிரைவரும் ஒரே மாதிரி எழுதிகீறாங்க."

"அவ போனதுல இருந்து வெள்ளிக்கிழமன்னா நான் பெரியபாளையத்துல அம்மன் சன்னதில நிப்பேன். ஊடு பூட்டிகினு இருக்கும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னிக்கும் வெள்ளிக்கிழமதான். போவாம இருங்க ஐயா. நானும் இருக்கேன்."

இருந்தோம். வெயில் முற்றத்தில் அசையாமல் கிடந்தது. இரண்டு பத்துக்குப் பிரின்சியின் போன் அடித்தது, ஆம்புலன்ஸ் ஆபீஸிலிருந்து. கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "கால் வந்துடுச்சாம். இந்த ஊட்ல இருந்துதான்." பின்னறையில் ஒரு சத்தமும் இல்லை. பிரின்சி போனில் நிமிடக் கணக்கை ஓடவிட்டாள்.

பன்னிரண்டாம் நிமிடம் சைரன் கேட்டது. நான் எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன்: வாசல் கேட்டருகே ஒருவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி. கையில் என் கைத்தடி. வண்டி வந்து நின்றதும் அவர் வலது கையைத் தூக்கினார். நான் தூக்கியது போலவே, அதே உயரத்துக்கு.

என் கையைப் பார்த்தேன். கைத்தடி என்னிடம்தான் இருந்தது.

டிரைவர் அந்தப் பக்கமே பார்த்துத் தலையாட்டினான். வண்டியைத் திருப்பப் போனான். மதில்மேல் பக்கத்து வீட்டு சுமலதா எட்டிப் பார்த்தாள். தெருவில் இன்னும் நாலு பேர். நான் குரல் உயர்த்திப் பழகியவன் அல்ல. அன்று உயர்த்தினேன்.

"நில்லுங்க! இதான் ஊடு. ஜோதிலட்சுமி என் தங்கச்சி. புருஷன வுட்டுட்டு வந்து மூணு வருஷம் இங்கதான் இருந்தா. நான்தான் மறைச்சேன். வண்டிய அனுப்பினவனும் நான்தான்."

"அடப்பாவி அண்ணே!" என்றாள் சுமலதா.

கேட்டருகே யாரும் இல்லை. நானே போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

"பதினாலு நிமிஷம்," என்றாள் பிரின்சி.

இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு பின்னறைக்குப் போனார்கள். அங்கே வெறும் கட்டில் என்பது எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது ஸ்ட்ரெச்சரும் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் இருவரின் தோள்களும் பாரத்தில் இறங்கியிருந்தன.

"படி இருக்குது, பாத்து," என்றான் முன்னால் வந்தவன். "தல பக்கம் தூக்கிப் புடி."

நான் ஒதுங்கி வழிவிட்டேன்.