சத்தமாப் பேசினா மட்டும் பதியும்

அந்த ஆள் கனைக்கிறது மட்டும் எவ்வளவு சுத்தமாப் பதிஞ்சிருக்கு! ஹெட்ஃபோனை மாட்டின நிமிஷத்துலேர்ந்து கர்ர், கர்ர்னு ஒரே கனைப்பு. தொண்டையில கிடக்கிற சளி மேல வந்து திரும்ப உள்ள போறது வரைக்கும் காதுல விழுது. சீ! எங்க மேனேஜரைத்தான் சொல்றேன். பேக்கிங் ஹால்ல அவருக்குப் பேரே கனைப்புதான்.

லேபிள் அக்கா பேசினது மட்டும் எங்கயும் இல்ல.

அக்கா எங்க கம்பெனியில மருந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுறவங்க, பதினொரு வருஷமா. ஸ்டோர் சூப்பர்வைசர் குடோன் கதவைச் சாத்திட்டு, தொடக்கூடாத இடத்துல தொட்டான்னு புகார் எழுதிக் கொடுத்திருந்தாங்க. காலையில அதுக்கு விசாரணை, நடத்தினது கனைப்பு. பேசினதையெல்லாம் ரெக்கார்டர்ல பதிஞ்சு, நான் டைப் பண்ணி, அஞ்சு மணிக்குள்ள தலைமை ஆபீசுக்கு அனுப்பணும். அங்க ஒரு அதிகாரியம்மா அதைப் படிச்சு முடிவு சொல்வாங்க. புகார் பொய்னு ஆகிட்டா அக்காவுக்கு வேலை போயிடும்.

"அவர் உன்னைத் தொட்டாரா?" கர்ர். "எங்க தொட்டார்?" கர்ர். "அப்ப கத்தினியா?" கர்ர். "சரி, சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்ல."

மெஷின்ல இருக்கிறது இவ்வளவுதான். கேள்வி மேல கேள்வி, நடுவுல பதிலே கிடையாது. படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? கேட்ட கேள்விக்கெல்லாம் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா, புகார் பொய்னுதானே நினைப்பாங்க? ஆனா நான் அந்த ரூம்லதான் இருந்தேன். அக்கா ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னாங்க. நாற்காலி நுனியில உக்காந்து, மேஜையைப் பார்த்துக்கிட்டே, மெதுவா சொன்னாங்க. அவங்க பேசும்போதெல்லாம் ரெக்கார்டரோட சிவப்பு லைட்டு அணைஞ்சுது. கனைப்பு வாயைத் திறந்தா திரும்ப எரிஞ்சுது. பேட்டரிதான் போயிடுச்சோன்னு நான் எழுந்தேன். "உக்காரும்மா, எல்லாம் சரியாத்தான் ஓடுது"ன்னார். உக்காந்துட்டேன். அடுத்த மாசம் எனக்கு வேலை நிரந்தரமாகணும், அதுக்கு அவர்தான் கையெழுத்துப் போடணும்.

அந்தக் கேள்விகளை மட்டும் குறிச்சிருந்த பேப்பரை எடுத்துக்கிட்டு நேரா அவர்கிட்ட போனேன்.

"சார், அந்த அக்கா பேசினது ஒண்ணுமே பதியல. நான் கேட்டது ஞாபகம் இருக்கு, எழுதிடறேன்."

"உன் ஞாபகத்தை யாரும்மா கேட்டாங்க? மெஷின்ல என்ன இருக்கோ அதை அடி." என் கையில இருந்த பேப்பரைப் பிடுங்கி, மேல எழுதினார்: 'இயந்திரத்தில் பதிவான அனைத்தும் அப்படியே. ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது.' கீழ கையெழுத்தும் தேதியும் வேற. எழுதி முடிச்சு ஒரு கனைப்பு. அந்தப் பேப்பரைத் திரும்ப வாங்கவே எனக்கு அருவருப்பா இருந்துச்சு.

வெளியே வந்தா தண்ணி மெஷின் பக்கத்துல அக்கா நிக்கிறாங்க. விரல்ல இன்னும் லேபிள் பசை.

"நான் சொன்னதெல்லாம் விழுந்துச்சாம்மா?"

நான் கையில இருந்த பேப்பரை மடிச்சுப் பின்னால பிடிச்சுக்கிட்டேன்.

"விழுந்திருந்தா சரி. இன்னொரு தடவை சொல்லச் சொன்னா என்னால ஆகாதும்மா. அந்த சூப்பர்வைசரை எதிர்ல வச்சுக்கிட்டு ஒரு தடவை சொன்னதுக்கே உயிர் போய் உயிர் வந்துச்சு."

திரும்பி வந்து மெஷினைத் தோண்ட ஆரம்பிச்சேன். ஏதாவது ஒரு மூலையில அக்கா குரல் கிடைக்காதான்னு பட்டியல்ல மேலயும் கீழயும் ஓட்டினேன். விசாரணைக்கு முன்னாடி ஒரு ஃபைல் இருந்துச்சு. ஒன்பது மணிக்கு நானே செட்டிங் பார்க்கப் பதிஞ்சது. புது மெஷினாச்சே, எதுல வச்சா தெளிவா விழும்னு பார்க்க, இருக்கிறதுலயே உசத்தியான தரத்துல வச்சு, மேஜை நடுவுல வச்சுட்டு, பழைய பேப்பரை வாசிச்சேன். அதைத்தான் இப்ப கேட்டேன்.

அடேயப்பா, என்ன தெளிவு! ஃபேன் சுத்துறது கேக்குது. கதவு திறக்குது. கனைப்பு வர்றார், கூடவே சூப்பர்வைசர்.

"இது எவ்வளவு தூரம்மா பிடிக்கும்?"

"ரூம் முழுக்க சார்." அது என் குரல்.

"அவ்வளவு வேண்டாம். அவ பேசறது எறும்பு பேசற மாதிரி. சத்தமாப் பேசினா மட்டும் பதியுற மாதிரி ஏதாவது இருக்கா?"

சூப்பர்வைசர் சொல்றான்: "அது போதும் சார். அவ அன்னிக்கே சத்தம் போடல, இன்னிக்கா போடப்போறா?"

அதுக்கப்புறம் ஒரு சிரிப்பு. ஆம்பளை சிரிப்பு ரெண்டு. மூணாவதா, நல்லாக் கணீர்னு, ஒரு பொம்பளை சிரிப்பு.

அது நான்தான்.

"இருக்கு சார், இந்த மெனுவுல பாருங்க"ன்னு சொல்றதும் நான்தான். மெனுவுக்குப் போக ரெக்கார்டிங்கை நிறுத்தணும், அதோட ஃபைல் முடியுது. இடத்தைக் காட்டிட்டு நான் வேற வேலைக்குப் போயிட்டேன், அவர் அதை நிஜமாவே மாத்தி வச்சாரான்னு கூடப் பார்க்கல. சூப்பர்வைசர் சொன்னது அப்ப எனக்கு உறைக்கவே இல்ல. பெரியவங்க சிரிச்சாங்க, நானும் பல்லைக் காட்டினேன். தூ, நானும் ஒரு பொம்பளை! கனைப்போட தொண்டையை விட என் சிரிப்புதான் அதிகமாக் குமட்டுச்சு.

மணி நாலே கால். ஃபைலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தச் சிரிப்பை விட்டுட்டு மத்ததை மட்டும் அடிச்சா யாருக்குத் தெரியப்போகுது? விரல் அங்கேயே நின்னுச்சு. பக்கத்துல அவர் எழுதின சீட்டு: கூட்டவோ குறைக்கவோ கூடாது. மெஷின்ல பதிவான அனைத்தும்னு அவரே சொல்லிட்டாரே!

அடிச்சேன். பதிவு ஒண்ணு, முதல் பக்கம். 'மேனேஜர்: அவ பேசறது எறும்பு பேசற மாதிரி.' 'சூப்பர்வைசர்: அவ அன்னிக்கே சத்தம் போடல.' 'மூவரும் சிரிக்கிறார்கள். டைப்பிஸ்ட்டின் சிரிப்பு தெளிவாகக் கேட்கிறது.' ரெண்டாம் பதிவு, பதில் இல்லாத கேள்விகளோட அதுக்குப் பின்னாடி. எல்லாத்துக்கும் மேல கையெழுத்துப் போட்ட சீட்டு. ரெண்டு ஃபைலையும் சேர்த்து, அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தலைமை ஆபீசுக்கு அனுப்பிட்டேன்.

புகார் கொடுத்தவங்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கணும்கிறது விதி. எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போனேன். அக்கா கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கி, நின்ன இடத்துலயே முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பிச்சாங்க. என் சிரிப்பு இருக்கிற வரி எங்க வரும்னு எனக்குத் தெரியும். அது வர்ற வரைக்கும் நகராம அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன்.