எட்டு கிலோ ஈயம்

ஆறு கிலோ ஈயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரப்பர் சட்டையோடு கடலில் முங்குகிறவன் மேலே வந்துவிடுவான். உப்புத் தண்ணீரும் தூக்கும், ரப்பரும் தூக்கும். அதே ஈயத்தோடு வெறும் உடம்பாக அணைத் தண்ணீரில் இறங்கினால் வர மாட்டான்.

இது வசீமுக்குத் தெரியும். அன்சருக்குத் தெரியாது.

கல்வராயன் மலையடிவாரம். அணை ததும்பி நின்றது. கரையோரம் நிறுத்திய காரின் பின்கதவைத் திறந்து, வசீம் சாமான்களை எடுத்துத் தார்ப்பாயில் பரப்பினான். முகக் கண்ணாடி, மூச்சுக்குழாய், காலில் மாட்டும் நீண்ட ரப்பர் துடுப்புகள், மீனைக் குத்தும் ஈட்டித் துப்பாக்கி, முப்பது மீட்டர் கயிறு. கடைசியாக, ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட். ஆறு கட்டி, கட்டிக்கு ஒரு கிலோ. உபரியாக இன்னும் இரண்டு பெட்டியில் கிடந்தன.

"இன்னாடா, பொண்ணு வூட்டுக்குச் சீர் வெக்கிற மாரி அடுக்கிக்கினு கீற? வெயில் ஏறுது பாரு!"

அன்சர் காரில் சாய்ந்து பொட்டலத்துப் போண்டாவைத் தின்றுகொண்டிருந்தான். கள்ளக்குறிச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். வசீமுக்குப் பெரியப்பா மகன். இப்போது முதலாளியும் அவன்தான்.

இருவரும் மஸ்கட்டில் ஒரே படகில் ஆறு வருடம் இருந்தார்கள். ஈட்டியோடு முங்கி மீன் குத்துவது அன்சர். அவனுக்குச் சட்டை மாட்டி, ஈயம் கோத்து, பெல்ட் கட்டி, வெளியே வந்ததும் அதை அவிழ்ப்பது வரை வசீம். அன்சர் ஒருநாள்கூடத் தன் பெல்ட்டைத் தானே கட்டியதில்லை. எந்தத் தண்ணீருக்கு எத்தனை கட்டி என்று கேட்டதும் இல்லை. அதெல்லாம் எடுபிடிகள் பார்க்கும் வேலை.

ஒருநாள் படகிலிருந்த இரண்டு எஞ்சின்கள் காணாமல் போயின. விற்றவன் அன்சர். போலீசிடம் கைகாட்டியது வசீமை. வசீம் ஐந்து மாதம் சிறையில் கிடந்தான். அந்த ஐந்து மாதத்தில்தான் அவன் அம்மா மெஹ்ராஜ் பேகம் இறந்தாள். அடக்கம் முடிந்து பதினோரு நாள் கழித்துத்தான் சேதி வந்தது. கைகாட்டியது யார் என்று ஊர் திரும்பிய பிறகு, படகுச் சமையல்காரன் போனில் சொன்னான்.

வசீம் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்சரின் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தான். ஏன் சேர்ந்தான் என்று அவனுக்கே நிச்சயமில்லை. இன்று காலை வரை.

"ஜெரின், கேமரா ரெடியா?" என்றான் அன்சர்.

"ரெடிண்ணே." கார் ஓட்டி வந்த ஜெரின்தான் அன்சர் நெட்டில் போடும் வீடியோக்களையும் எடுப்பவன். "தலைப்பு இன்னா வெக்கலாம்ணே? மலையில ஒரு சுறா?"

"திமிங்கலம்னு வெய்யி," என்று தொப்பையைத் தட்டினான் அன்சர்.

அந்தத் தொப்பைதான் முதலில் வேலையைக் காட்டியது. மஸ்கட்டில் போட்ட ரப்பர் சட்டையின் ஜிப் தொப்புளோடு நின்றுவிட்டது. வசீம் இழுத்தான், ஜெரினும் இழுத்தான்.

"அண்ணே, மூச்ச உள்ள இழுங்க."

"இழுத்துக்கினுதான்டா கீறேன்!"

ஜிப் பிய்ந்தது. அன்சர் சட்டையை உரித்துப் புதரில் வீசினான். "போவுது சனியன். இந்தக் குட்டைக்கு இதெல்லாம் ஜாஸ்தி. பெல்ட்ட எட்றா."

வசீம் தண்ணீரைப் பார்த்தான். சட்டை போய்விட்டது. உப்பும் இல்லை. மிச்சம் இருப்பது ஈயம் மட்டும்.

அவன் கெட்டவன் இல்லை. அந்த நிமிடம் வரை இல்லை. கை தானாகவே பெல்ட்டுக்குப் போனது. ஒரு கட்டியை உருவி எடுத்தான். இரண்டாவதை உருவினான். இன்னும் இரண்டை உருவினால் அன்சர் பிழைத்துப் போவான். போகட்டும் என்றுதான் நினைத்தான்.

"டேய்! அத்த எதுக்குடா எடுக்குற?"

"இல்ல பாய், இங்க..."

"எடைக்குப் போடவா? மஸ்கட்ல எஞ்சின வித்தவன் இங்க ஈயத்த வுடுவானா! கள்ளப் புத்தி போவல பாரு ஜெரினு. அம்மா மௌத்துக்கே வராம ஜெயில்ல குந்திக்கினு இருந்தான், அப்பவும் திருந்தல."

ஜெரின் சிரித்தான். அவனுக்கு உண்மை தெரியாது. உண்மை தெரிந்த அன்சர் அவனைவிடச் சத்தமாகச் சிரித்தான்.

வசீம் உருவிய இரண்டு கட்டிகளையும் திரும்பக் கோத்தான்.

பிறகு அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான். உண்மையைச் சொன்னான்.

"ஜெரின், வீடியோ ஓடுதா?"

"ஓடுது."

கேமரா பக்கம் நன்றாகத் திரும்பி நின்றான் வசீம். குரலை உயர்த்தினான். "பாய், இது கடல் இல்ல, நல்ல தண்ணி. சட்டையும் இல்ல. ஆறு கிலோ உங்கள அப்டியே அடியில கொண்டுபூடும். ரெண்டு போதும். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது பாய், நான் சொல்றத கேளுங்க."

பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் 'உங்களுக்குத் தெரியாது' என்று சொன்னால் அன்சர் என்ன செய்வான் என்பது வசீமுக்கு அத்துப்படி. இதைப் பார்க்கப்போவது பத்தாயிரம் பேர்.

அன்சரின் முகம் கறுத்தது. "எனக்குத் தெரியாதா? ஆறு வருசம் கடல்ல முங்குனவன் நானு. போட்ல குந்திக்கினு கயிறு புடிச்ச நாயி எனக்குக் கிளாஸ் எடுக்குது! பொட்டியில இன்னும் ரெண்டு கட்டி கீதுல்ல? அதையும் கோருடா!"

"வேணாம் பாய்."

"கோருடான்றேன்!"

"பாய், கால்ல வுழுறேன், வேணாம்."

நிஜமாகவே காலில் விழுந்தான். ஜெரின் அதையும் எடுத்தான். அன்சர் அவனைக் காலாலேயே ஓரம் தள்ளினான். வசீம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, ஏழாவது கட்டியைக் கோத்தான். எட்டாவதையும் கோத்தான். தொப்பையைத் தூக்கிப் பிடித்து, அதற்கு அடியில் பெல்ட்டை இறுக்கிக் கொக்கியைப் பூட்டினான். கயிற்றின் ஒரு முனையைப் பெல்ட்டில் முடிந்தான்.

"டைட்டா கீதா பாய்?"

"கீது, கீது. கெளம்பு."

காற்றடித்த சின்ன மஞ்சள் கயாக் படகு இரண்டு பேரையும் சுமந்து அணையின் நடுவுக்குப் போனது. துடுப்புப் போட்டது வசீம். மடியில் ஈட்டித் துப்பாக்கியோடு அன்சர், கரையில் நின்ற ஜெரினுக்குக் கையசைத்துக்கொண்டே வந்தான்.

"பழைய கணக்குதான். கயித்த மூணு வாட்டி இழுத்தேன்னா, நீ தூக்கணும். தூங்கிடாத."

"சரி பாய்."

அன்சர் கண்ணாடியை மாட்டினான், மூச்சை நிரப்பினான், பக்கவாட்டில் சரிந்தான். மஸ்கட்டில் இப்படிச் சரிந்தால் ஒரு விநாடி மேலே மிதந்து, பிறகு துடுப்பை அடித்து இறங்குவான். இங்கே மிதக்கவில்லை. கிணற்றில் விட்ட அம்மிபோலப் போனான்.

வசீமின் உள்ளங்கையில் கயிறு சரசரவென்று ஓடியது. ஐந்து மீட்டர். பத்து. பன்னிரண்டில் நின்றது.

வசீம் காத்திருந்தான்.

கயிறு துடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"பாய்!" என்று வசீம் அலறினான். அலறல் கரைவரை போனது. எழுந்து முட்டி போட்டு நின்றான். இரண்டு கைகளாலும் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்தான். ஆனால் அவன் இழுத்தது, கயாக்குக்குள் சுருண்டு கிடந்த மிச்சக் கயிற்றை. தண்ணீருக்குள் போன கயிறு அவன் முட்டிக்கு அடியில் தளர்வாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவன் அதைப் பிடித்து ஏறப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு முழம் கீழே போனது.

"இழுடா வசீம்! இழு!" கரையிலிருந்து ஜெரின் கத்தினான்.

"இழுக்குறேன்! வர்ல! வெயிட்டு ஜாஸ்தி!"

கயிறு மறுபடி துடித்தது. மூன்று வாட்டி இல்லை, கணக்கே இல்லாமல். தொப்பைக்கு அடியில் கொக்கி எந்தப் பக்கம் என்று ஒருவன் கீழே தேடிக்கொண்டிருப்பான். ஆறு வருடத்தில் ஒருதடவை அவனே அவிழ்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

குமிழிகள் கொத்தாக வந்தன. பிறகு ஒன்றிரண்டாக.

வசீமின் கைகள் மாறி மாறி வேலை செய்துகொண்டே இருந்தன. வாய் "பாய், பாய்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. முட்டி மட்டும் கயிற்றின் ஒவ்வொரு அசைவையும் கவனித்துக்கொண்டிருந்தது.

துடிப்பு மெலிந்தது. ஒரு சின்ன இழுப்பு. நீண்ட இடைவெளி. இன்னொரு சின்ன இழுப்பு.

நின்றது.

வசீம் நூறு வரை எண்ணினான். குமிழி வரவில்லை. பிறகு குனிந்து, முட்டிக்கு அடியிலிருந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். பாதத்தைக் கயாக்கின் விளிம்பில் அழுத்தி, பல்லைக் கடித்து, முதல் தடவையாக நிஜமாகவே இழுக்க ஆரம்பித்தான்.